செப்டம்பர் மாதம்: தெரிந்துகொள்வோம்

செப்டம்பரில் வரும் இந்த மூன்று நாட்களைக் குழுக் கூட்டத்தில் படித்துப் பேசுங்கள்.

செப்டம்பர் 8: உலக எழுத்தறிவு நாள். 1967 முதல் கொண்டாடப்படுகிறது. கைநாட்டு வைத்த நம்மில் பலர் குழுவில் சேர்ந்த பிறகுதான் கையெழுத்துப் போடப் பழகினோம்.

செப்டம்பர் 9, 2005: இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் அமலுக்கு வந்தது. பூர்வீகச் சொத்தில் மகனைப் போலவே மகளுக்கும் சம பங்கு. தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்தது. ஆனால் அதற்கு முன் கல்யாணம் ஆனவர்களுக்குப் பங்கில்லை. 2005 சட்டம் அவர்களுக்கும் கொடுத்தது. அன்று அப்பா உயிரோடு இல்லாவிட்டாலும் உரிமை உண்டு என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே விற்றதையும், பாகம் பிரித்துப் பதிவு செய்ததையும் இந்தச் சட்டம் மாற்றாது.

செப்டம்பர் 19, 1893: நியூசிலாந்துப் பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்தது. கேட் ஷெப்பர்டு அம்மையார் முன்னின்று நடத்திய இயக்கத்தில் ஏறக்குறைய 32,000 பெண்கள் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள்.

அவங்க கையெழுத்து உரிமையை வாங்கித் தந்தது. நம்ம கையெழுத்து உரிமையைப் பறிக்கக் கூடாது. "சும்மா ஒரு கையெழுத்துதாம்மா" என்று யார் பத்திரத்தை நீட்டினாலும், அது விடுதலைப் பத்திரமா என்று படிச்சுப் பாருங்க. பதிவாகிவிட்டால் பங்கு போச்சு. பங்கு கேட்பதும் விட்டுக் கொடுப்பதும் உங்க இஷ்டம். ஆனா தெரிஞ்சு செய்யணும். சந்தேகம் இருந்தால் கோர்ட்டில் உள்ள சட்டப் பணிகள் குழுவைக் கேளுங்கள். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு அங்கே சட்ட உதவி இலவசம்.