கெஜட் நம்பர் என்ன சார்?

எங்கள் ஊர் வேலூர் மாவட்டத்தில் இருக்கிறது. வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்துக்குப் போன ஊர். சில ஆண்டுகளுக்கு முன் பள்ளிக்கூடத்தின் நூற்றாண்டு மலரில், இங்கே படித்துப் படைக்குப் போனவர்களைப் பற்றி எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. டீக்கடையில் நாலு பெரியவர்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, 1971 போரில் கிழக்கு முனையில் இருந்த ஒருவரை ‘வீர் சக்ரா பெற்றவர்’ என்று எழுதிவிட்டேன். அவர் இறந்து பல வருடம் ஆகியிருந்தது. மலர் வெளியான மூன்றாம் நாள், ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் வீடு தேடி வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“கெஜட் நம்பர் என்ன சார்?”

விழித்தேன். அப்புறம்தான் உட்கார்ந்தார். அன்று அவர் சொல்லிக்கொடுத்ததும், அதன்பின் நானே முட்டி மோதித் தெரிந்துகொண்டதும்தான் இது.

பரம் வீர் சக்ரா, மகா வீர் சக்ரா, வீர் சக்ரா மூன்றும் 1950 ஜனவரி 26 அன்று, 1947 ஆகஸ்ட் 15 முதல் செல்லும்படி ஏற்படுத்தப்பட்டவை. யாருக்குக் கொடுத்தாலும் குடியரசுத் தலைவர் செயலகத்தின் அறிவிக்கையாக இந்திய அரசிதழில், அதாவது கெஜட்டில், வரும். படை எண், பதவி, பெயர், ரெஜிமெண்ட், எந்த நாளில் நடந்த செயலுக்காக என்ற தேதி, என்ன செய்தார் என்ற பத்தி எல்லாம் அதில் இருக்கும். இன்று பாதுகாப்பு அமைச்சகம் வீரப் பதக்கங்களுக்கென்றே ஓர் இணையதளம் வைத்திருக்கிறது. பெயரை அடித்துத் தேடலாம், காசு கிடையாது. நான் பத்து நிமிடம் செலவழித்திருந்தால் போதும். பரம் வீர் சக்ராவுக்கு அதுகூட வேண்டாம். இதுவரை வாங்கியவர்களே 21 பேர்தான், அவர்களில் 14 பேருக்கு மறைவுக்குப் பின் கிடைத்தது. அந்தப் பட்டியலில் இல்லாதவர் இல்லாதவரே.

ஆனால் பெயரை மட்டும் நம்பித் தேடாதீர்கள். கார்கிலில் டைகர் ஹில் சண்டைக்காக யோகேந்திர சிங் யாதவுக்குப் பரம் வீர் சக்ரா அறிவித்தபோது, அவர் இறந்துவிட்டதாகவே முதலில் சொன்னார்கள். அவரோ மருத்துவமனையில் உயிரோடு இருந்தார். இறந்தவர் அதே பெயர் கொண்ட வேறொரு வீரர். அரசாங்கமே தடுமாறிய இடம் இது. நம் பக்கத்தில் சிக்கல் இன்னும் அதிகம். பல பழைய பதிவுகளில் இனிஷியல் இருக்காது, ‘ஆறுமுகம்’ என்று மட்டும் இருக்கும். எத்தனை ஆறுமுகம்! ஆளுக்கு ஒன்றுதான் என்பது படை எண் மட்டுமே. அது டிஸ்சார்ஜ் புத்தகத்தில் இருக்கும்.

அந்தப் புத்தகத்தைப் பார்க்கத்தான், மலரில் நான் எழுதியவருடைய மனைவியைத் தேடிப் போனேன். கறுப்பு டிரங்குப் பெட்டி, உள்ளே அந்துருண்டை வாசனை, ஒரு மஞ்சள் பை. பதக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாயில் வைத்தார். முதலில் வந்தது ஐந்து முனை நட்சத்திரம், நடுவில் சிங்க முத்திரை. “இதுதாம்பா அது” என்றார்.

ஏன் ஊரே ஏமாந்தது என்று அப்போதுதான் புரிந்தது. வீர் சக்ராவிலும் ஐந்து முனை நட்சத்திரம் உண்டு. ஆனால் அது வட்டமான வெள்ளிப் பதக்கத்தின் மேல் பொறித்தது. ரிப்பன் பாதி கருநீலம், பாதி காவி. என் முன்னால் பாயில் இருந்தது நட்சத்திரமாகவே செய்த வெண்கலம். பூர்வி ஸ்டார். 1971இல் கிழக்கு முனையில் பணியாற்றியவர்களுக்குக் கொடுத்தது. கூடவே சங்கிராம் மெடலும், சுதந்திர வெள்ளிவிழாப் பதக்கமும் இருந்தன. எல்லாம் உண்மையான பதக்கங்கள், எதுவும் வீரப் பதக்கம் இல்லை. பணியில் இருந்ததற்குத் தருவது வேறு, எதிரியின் முன் செய்த ஒரு காரியத்துக்குத் தருவது வேறு. நம் வாயில் இரண்டும் ‘மெடல்’தான்.

பென்ஷன் ஆர்டரையும் காட்டினார். வீரப் பதக்கத்துக்கு மாதப் படி உண்டு. 2017 ஆகஸ்ட் முதல் வீர் சக்ராவுக்கு 7,000 ரூபாய், சௌர்ய சக்ராவுக்கு 6,000. கணவருக்குப் பின் மனைவிக்கும் அது வரும். அந்த ஆர்டரில் அப்படி ஒரு வரி இல்லை.

“நாங்களா சொல்லலப்பா. ஊர்ல சொன்னாங்க. நல்லதுதான சொல்றாங்கன்னு சும்மா இருந்துட்டோம்” என்றார் அந்த அம்மா. அவருடைய கணவர் ஒருநாளும் அப்படிச் சொல்லிக்கொண்டதில்லையாம். நான் பார்த்தவரை பெரும்பாலான கதைகள் இப்படித்தான் வளர்கின்றன. வீரர் சொல்வதில்லை, மேடையில் மைக் பிடிப்பவர் சொல்கிறார். அதனால் வீட்டுக்குப் போய் “நிஜமா?” என்று கேட்காதீர்கள். “சரியாக எழுத வேண்டும், புத்தகத்தைக் காட்டுங்கள்” என்றால் சந்தோஷமாக எடுத்துத் தருவார்கள்.

வேண்டுமென்றே புளுகுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு கல்யாணத்தில் மார்பு நிறையப் பதக்கத்தோடு ஒருவர் வந்தார். எந்த யூனிட் என்று கேட்டேன். ரகசிய ஆபரேஷன், சொல்லக்கூடாது என்றார். ரகசியம் என்றால் கல்யாணத்துக்கு ஏன் மாட்டிக்கொண்டு வர வேண்டும்? கன்டோன்மென்ட் கடைகளில் ரிப்பனும் மாதிரிப் பதக்கமும் விலைக்குக் கிடைக்கும். பொருள் கையில் இருப்பது சாட்சி ஆகாது.

பழைய போட்டோ மட்டும்தான் இருக்கிறது என்றால் வரிசையைப் பாருங்கள். பதக்கங்கள் இடது மார்பில் இருக்கும், உயர்ந்தது சட்டைப் பட்டனுக்குப் பக்கத்தில். வீர் சக்ரா என்று காட்டுகிற பதக்கம் தோள்பட்டைப் பக்கம் கடைசியில் தொங்கினால் சந்தேகப்படலாம். ஸ்டுடியோக்காரர் நெகட்டிவைத் திருப்பிப் போட்டிருக்கிறாரா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நான் ஒருமுறை அப்படி ஏமாந்திருக்கிறேன்.

விருதின் பெயரும் செயலும் பொருந்துகிறதா என்பது இன்னொரு சோதனை. வெள்ளத்தில் பத்துப் பேரைக் காப்பாற்றி வீர் சக்ரா வாங்கினார் என்றால் கதை எங்கோ இடறுகிறது. பரம் வீர், மகா வீர், வீர் சக்ரா மூன்றும் எதிரியின் முன் காட்டிய வீரத்துக்கு. மற்றதற்கு அசோக சக்ரா, கீர்த்தி சக்ரா, சௌர்ய சக்ரா. கல்வானில் உயிர்நீத்த ஹவில்தார் பழனிக்கு வீர் சக்ரா; காஷ்மீரில் தீவிரவாதிகளோடு மோதி மறைந்த மேஜர் முகுந்த் வரதராஜனுக்கு அசோக சக்ரா. ‘அமரன்’ படம் பார்த்துவிட்டு முகுந்துக்கு ஏன் பரம் வீர் சக்ரா இல்லை என்று என்னிடம் கேட்டவர்களுக்கும் இதுதான் பதில். சேனா மெடல் என்றால் கூடுதல் கவனம் வேண்டும்: வீரத்துக்கும் தருவார்கள், சிறப்பான பணிக்கும் தருவார்கள்.

தாத்தா விக்டோரியா கிராஸ் வாங்கினார் என்று சொல்லும் வீடுகளில் நான் பார்த்தது பெரும்பாலும் பர்மா ஸ்டார். வெள்ளைக்காரன் காலத்து விருது என்றால் லண்டன் கெஜட்டில் தேடுங்கள், அதுவும் இணையத்தில் இலவசம். கண்ணிவெடி மேல் தன் உடலைப் போட்டு மற்றவர்களைக் காப்பாற்றி, 1944இல் இத்தாலியில் இறந்த மெட்ராஸ் சாப்பர்ஸ் சுபேதார் சுப்பிரமணியனின் ஜார்ஜ் கிராஸ் அந்த கெஜட்டில் பதிவானதுதான்.

மலருக்கு, அவருடைய படை எண்ணோடு திருத்தச் சீட்டு அச்சடித்து, கையிலிருந்த பிரதிகளில் நானே ஒட்டினேன். அந்த அம்மாவுக்கு இரண்டு பிரதி கொண்டுபோய்க் கொடுத்தேன். சீட்டைப் பேரனை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். “நம்பர்கூடப் போட்டிருக்கியே” என்றார்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு பெட்டி இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை இறக்குங்கள். டிஸ்சார்ஜ் புத்தகத்தின் முதல் பக்கத்தைக் கரையான் பிடிப்பதற்குள் போட்டோ எடுத்து வையுங்கள்.