உட்காருங்கள், பாட்டி!

“நீங்கள் உட்காருங்கள், பாட்டி. நான் எடுத்துத் தருகிறேன்.” முதியோர் உள்ள வீடுகளில் அடிக்கடி கேட்கும் சொற்கள் இவை. அன்பினால் சொல்லப்படுபவைதாம். ஆனால், எல்லா வேலைக்கும் இதையே சொல்லிக்கொண்டிருந்தால் அது பாட்டிக்கு நன்மை தருமா? சற்றுச் சிந்திப்போம்.

சிங்கப்பூரில் முதியோரின் எண்ணிக்கை ஆண்டுதோறும் கூடி வருகிறது. 2030ஆம் ஆண்டளவில் குடிமக்களுள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் 65 வயதை எட்டியவராக இருப்பார் என்று எதிர்பார்க்கப்படுகிறது. முதியோர் பலரும் தாங்கள் பழகிய வீட்டிலேயே கடைசிவரை வாழ விரும்புகின்றனர். அந்த விருப்பத்திற்குத் தடையாக வருபவற்றுள் முக்கியமானது, கீழே விழுதல்.

முதியோர் ஏன் எளிதில் விழுகின்றனர்? வயது கூடக்கூடத் தசைகள் மெலிகின்றன, பார்வை மங்குகிறது, தடுமாறும் உடலை நிலைநிறுத்தும் வேகமும் குறைகிறது. இரத்த அழுத்தத்திற்கான சில மருந்துகளை உட்கொள்பவர்களுக்குத் திடீரென்று எழும்போது தலைசுற்றலாம். இவற்றோடு ஈரமான குளியலறைத் தரை, நழுவும் கால்மிதி, நடைவழியில் கிடக்கும் மின்கம்பி, இரவு நேர இருட்டு ஆகியவையும் சேர்ந்தால் ஆபத்து பெருகுகிறது.

ஒரு பாட்டியின் கதையைப் பாருங்கள். குளியலறையில் அவர் ஒரு நாள் வழுக்கி விழுந்தார். நல்லவேளையாக எலும்பு முறியவில்லை. ஆனால், மனத்தில் அச்சம் புகுந்துகொண்டது. சந்தைக்குச் செல்வதை நிறுத்தினார். துணி உலர்த்தும் வேலையையும் விட்டுவிட்டார். குடும்பத்தினரும் அவரை உட்காரச் சொல்லி, எல்லாவற்றையும் கையில் கொண்டுவந்து கொடுத்தனர். சில மாதங்களில், நாற்காலியிலிருந்து எழுவதற்கே பிறர் கையைப் பிடிக்க வேண்டிய நிலை வந்தது. பயன்படுத்தாத தசை மேலும் மெலியும். தசை மெலிந்தால் மறுபடியும் விழும் வாய்ப்பு கூடும். விழுந்ததைவிட, விழுந்துவிடுவோம் என்ற அச்சமே அவரை முடக்கியது.

இந்நிலையை மாற்ற இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, வீட்டைச் சீராக்குவது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 2012ஆம் ஆண்டில் ‘ஈஸ்’ திட்டத்தைத் தொடங்கியது. இதன்வழி முதியோர் வாழும் வீடுகளில் கைப்பிடிக் கம்பிகள் பொருத்தப்படுகின்றன. குளியலறைத் தரை வழுக்காதவாறு செய்யப்படுகிறது. செலவின் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்கிறது. செலவே இல்லாத மாற்றங்களும் உண்டு. நழுவும் கால்மிதியை அகற்றலாம். அடிக்கடி எடுக்கும் பாத்திரங்களைக் கைக்கு எட்டும் உயரத்தில் வைக்கலாம்.

இரண்டாவது, உடலை வலுவாக்குவது. முதியோர் வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அதனுடன், வாரத்தில் மூன்று நாளாவது உடலின் சமநிலைக்கும் வலிமைக்கும் உரிய பயிற்சிகளைச் செய்வது நல்லது. அருகில் ஒருவர் நிற்க, நாற்காலியிலிருந்து மெதுவாக எழுந்து உட்காருவதும் பயிற்சியே. தசை வலுப்பெற முட்டை, மீன், பருப்பு போன்ற புரதச்சத்துள்ள உணவு தேவை. மூப்பில் தாகவுணர்வு குறைவதால், தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணீர் குடிக்க வேண்டும். மருந்து உண்டபின் தலைசுற்றினால் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். தாமாகவே மருந்தை நிறுத்திவிடக் கூடாது.

முதியவர் ஒருவர் விழுந்துவிட்டால் பதறி அவரை உடனே தூக்காதீர்கள். எங்கே வலிக்கிறது என்று முதலில் கேளுங்கள். தலையில் பலத்த அடிபட்டிருந்தாலோ, எழ முடியாவிட்டாலோ, 995 என்ற எண்ணை அழையுங்கள். இன்னொன்றையும் நினைவில் கொள்ளுங்கள். விழுந்ததைச் சொன்னால் ‘இனி எங்கும் போகாதீர்கள்’ என்று தடுத்துவிடுவார்களோ என அஞ்சி, அதை மறைக்கும் முதியோரும் உள்ளனர். நாம் கடிந்துகொள்ளாமல் கேட்டால்தான் அவர்கள் உண்மையைச் சொல்வார்கள்.

அந்தப் பாட்டியின் வீட்டில் இப்போது கைப்பிடிக் கம்பிகள் உள்ளன. முதலில் வீட்டு வாசல்வரை, பிறகு மின்தூக்கிவரை, அதன்பின் கீழ்த்தளம்வரை என்று பேத்தியின் துணையோடு அவர் நடந்து பழகினார். இன்று சந்தையில் கீரையைத் தாமே பார்த்து வாங்குகிறார். பையை மட்டும் பேத்தி சுமக்கிறாள். “உட்காருங்கள், பாட்டி” என்று சொல்லிவந்தவள், இப்போது “வாருங்கள் பாட்டி, போய்வரலாம்” என்கிறாள். உங்கள் வீட்டு முதியோரிடம் நீங்கள் எதைச் சொல்கிறீர்கள்?