பழைய பிக்கப்பின் புகைக்குழாய்: மாற்றுமுன் அறிய வேண்டியவை

1990களில் பொருளாதாரத் தடை நிலவிய காலத்தில் வன்னியின் வாகனங்கள் பல மண்ணெண்ணெயில் ஓடின. சிறிதளவு பெற்றோலை விட்டு இயந்திரத்தை இயக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் முறையை எமது மக்கள் கைக்கொண்டனர். அந்தப் புகையின் மணம் அக்காலத்தில் வாழ்ந்தவர்களுக்கு மறந்திருக்காது. 2002இல் ஏ-9 பாதை திறக்கப்பட்டு எரிபொருள் வந்தது. ஆனால் பழைய வாகனங்கள் எம்மை விட்டுப் போகவில்லை. 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இலேயே தனியாருக்கு மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இருபது, முப்பது வருடப் பிக்கப்புகள் இன்றும் நெல்லும் மீனும் ஏற்றுகின்றன. மடு மாதாவின் ஆவணித் திருவிழாவுக்கும் வற்றாப்பளைப் பொங்கலுக்கும் குடும்பங்களைக் கொண்டு செல்கின்றன. நள்ளிரவில் நோயாளியையும் ஏற்றுகின்றன.

இத்தகைய வாகனத்தின் புகைக்குழாயை மாற்றும்போது, சத்தம் கம்பீரமாக இருக்க வேண்டும், இழுவை கூட வேண்டும் என்று இளைஞர் சிலர் எண்ணுகின்றனர். ஆனால் நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: பின்பெட்டியில் இருப்பவர் எதைச் சுவாசிக்கிறார்?

1. புகைக்குழாயின் வேலை

கராச்சுகளில் முழுவதையும் 'சைலன்சர்' என்றே சொல்வது வழக்கம். உண்மையில் அது பல பாகங்களைக் கொண்டது. இயந்திரத்தின் தலையோடு பொருந்தும் வார்ப்பிரும்புப் பகுதி, அதிலிருந்து இறங்கும் முன்குழாய், சத்தத்தை அடக்கும் சைலன்சர் பெட்டி, கடைசியாக வால்குழாய். இவை சூட்டையும் நச்சுவாயுவையும் ஆட்கள் இல்லாத இடத்துக்குக் கொண்டுபோய் விடுகின்றன. மூச்சை வெளியே விட்டால்தான் அடுத்த மூச்சை இழுக்கலாம். இயந்திரமும் அவ்வாறே. குழாய் நசுங்கினாலோ கரி அடைத்தாலோ இழுவை குறையும், எரிபொருள் வீணாகும்.

ஒரு லீற்றர் எரிபொருள் எரியும்போது ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாகப் பிறக்கிறது. சந்தைக்கும் வீட்டுக்குமாகக் குறுந்தூரம் ஓடும் வாகனத்தில் குழாய் நன்றாகச் சூடேறுவதில்லை. ஆவி உள்ளேயே நீராகித் தேங்குகிறது. இரும்பு உள்ளிருந்து உக்குகிறது. முல்லைத்தீவுக் கரையோரத்தில் உப்புக் காற்று வெளியிலிருந்தும் அரிக்கிறது.

2. ஆபத்து எங்கே?

எரிபொருள் முழுமையாக எரியாதபோது காபனோரொட்சைட்டு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக அது இரத்தத்தின் ஈமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. பெற்றோல், மண்ணெண்ணெய் வாகனங்களில் இது அதிகம். டீசலில் குறைவு, ஆனால் டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012இல் உறுதிப்படுத்தியது.

மழைக்கும் வெயிலுக்கும் பின்பெட்டிக்குத் தறப்பாள் கட்டுகிறோம். வாகனம் ஓடும்போது அதன் பின்னால் காற்று சுழன்று, பின்பக்கம் திறந்திருக்கும் தறப்பாளுக்குள் புகையை இழுத்து வருகிறது. தலையிடி, மயக்கம், வாந்தி தோன்றினால் 'பயணக் களைப்பு' என்று விட்டுவிடக் கூடாது. பலருக்கு ஒரே நேரத்தில் இவை வந்தால் உடனே நிறுத்தி, அனைவரையும் நல்ல காற்றுக்கு இறக்கி, வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

3. மாற்றுமுன் சோதித்தல்

குழாய் ஆறிய பின், சில்லுகளுக்கு அணை கொடுத்து, உறுதியான தாங்கி வைத்து அடியில் பார்க்கவும். ஜக்கை மட்டும் நம்பிக் கீழே படுக்க வேண்டாம். பொருத்துகளில் கருமை படிந்திருந்தால் அங்கே கசிவு உண்டு. இயந்திரத்தை இயக்கிப் பார்ப்பது திறந்த வெளியிலேயே. மூடிய கொட்டிலில் கூடாது.

புகையின் நிறத்தையும் பார்க்க வேண்டும். கறுப்பு: காற்று போதாது அல்லது எரிபொருள் மிகை; காற்று வடிகட்டியையும் இன்ஜெக்டரையும் பார்க்கவும். நீலம்: ஒயில் எரிகிறது. சூடேறிய பின்னும் வெள்ளை: எரிபொருள் சரியாக எரியவில்லை, அல்லது குளிரூட்டும் நீர் உள்ளே கசிகிறது. இக்குறைகளைப் புதுக்குழாய் தீர்க்காது. முதலில் இயந்திரம், பிறகு குழாய்.

4. மாற்றும் முறை

அ. விட்டம்: பழைய அளவையே வைப்பது நல்லது. டர்போ இல்லாத சிறிய டீசல் இயந்திரத்துக்குப் பருத்த குழாய் போட்டால் சத்தம் கூடும். இழுவை குறிப்பிடத்தக்க அளவு கூடாது. வளைவில் குழாய் நசுங்காமல் பார்க்கவும்.

ஆ. உலோகம்: சாதாரண இரும்பு மலிவு, விரைவில் உக்கும். அலுமினியம் பூசிய உருக்கு நடுத்தரம். கறையில்லா உருக்கு விலை கூடினாலும் கரையோர வாகனத்துக்கு நீண்டகாலம் உழைக்கும்.

இ. தண்ணீர் இணைப்புக்கான ஜி.ஐ. குழாயை வெட்டி ஒட்டுவதைத் தவிர்க்கவும். வெல்டிங் செய்கையில் அதன் நாகப் பூச்சு ஆவியாகி, சுவாசித்தவருக்குக் காய்ச்சலும் நடுக்கமும் தரும். பால்மா ரின்னை வெட்டிக் கம்பியால் சுற்றுவது வீடு வந்துசேரும் வரைக்கு மட்டும்.

ஈ. வெல்டிங்குக்கு முன் பற்றரி இணைப்பைக் கழற்றவும். எரிபொருள் தாங்கிக்கு அருகில் வெல்டிங் வேண்டாம். பொருத்துகளுக்குப் புதிய காஸ்கற் போடவும்.

உ. குழாய் பிரேக் குழாய்களிலிருந்தும் எரிபொருள் தாங்கியிலிருந்தும் விலகி ஓட வேண்டும். வால்குழாய் பின்பெட்டியின் விளிம்பைத் தாண்டி வெளியே முடிய வேண்டும். பெட்டிக்கு அடியில் முடிவது கசிவுக்குச் சமம்.

வேலை முடிந்ததும் பொருத்துகளில் சவர்க்கார நீர் தடவி, இயந்திரத்தை இயக்கி, குழாய் சூடேறுமுன் குமிழி வருகிறதா என்று பார்க்கவும். அறுவடைக் காலத்தில் சூடான குழாயோடு காய்ந்த வைக்கோல்மேல் வாகனத்தை நிறுத்த வேண்டாம்.

5. அயலவரும் எமது பொறுப்பே

வாகனப் புகைப் பரிசோதனை 2008இல் மேல் மாகாணத்தில் தொடங்கி, பின்னர் ஏனைய மாகாணங்களுக்கும் வந்தது. வருடாந்த வரி அனுமதிப்பத்திரத்துக்கு அதன் சான்றிதழ் தேவை. ஆனால் சான்றிதழ் பெறும் நாளுக்காக மட்டும் வாகனத்தைச் சீர்செய்வது போதாது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சீ' சுற்றுமடல், காற்று மாசின் காரணங்களுள் போக்குவரத்தையும் குறிப்பிட்டு, அதனால் வறியோரே பெரிதும் நோயுறுகின்றனர் என்பதைச் சுட்டுகிறது. பிக்கப்பின் முன்னிருக்கையில் அமர்பவர் அதன் சொந்தக்காரர். பின்பெட்டியில் ஏறுபவர்கள் கூலியாட்கள், பள்ளிப் பிள்ளைகள், வயோதிபர்கள். கொலை செய்யாதே என்னும் கட்டளை ஒரு தளர்ந்த பிளான்ஞ்சையும் தொடுகிறது. சைலன்சரை அகற்றிப் பெறும் சத்தத்துக்குச் செலவிடும் பணம் அவர்களுக்கு எதுவும் தருவதில்லை. ஒரு புதிய காஸ்கற்றும் விளிம்பு தாண்டிய வால்குழாயும் அவர்களின் உயிரைக் காக்கும்.

கலந்துரையாடலுக்கு:
அ. எமது கிராமத்தில் தறப்பாள் கட்டி ஆட்களை ஏற்றும் வாகனங்கள் எத்தனை? அவற்றின் வால்குழாய் எங்கே முடிகிறது?
ஆ. திருவிழாப் பயணத்துக்கு முன் இவ்வாகனங்களைக் கூட்டாகச் சோதிக்க எமது சங்கம் ஒரு நாளை ஒதுக்க முடியுமா?
இ. வெல்டிங் பழகும் இளைஞருக்கு நாகப் புகையின் தீங்கை யார் சொல்லிக் கொடுப்பது?