மூன்றாவது சிறுநீர்க்கான்

சிறுநீரகம் இரண்டு, சிறுநீர்க்கான் இரண்டு, சிறுநீர்ப்பை ஒன்று என்று வகுப்பறையில் மனனஞ் செய்தோம். பெரும்பாலார் உடம்பு அப்பாடத்திற்கு அடங்கியே அமைகின்றது. ஆயின் ஏறத்தாழ நூற்றுவரில் ஒருவருக்கு ஒரு பக்கத்திலேனும் சிறுநீர்க்கான் இரட்டையாயிருக்கும். அவர் அதனை அறியாமலே ஆயுளைக் கழித்துவிடவுங் கூடும். கொத்மலைச் சரிவுகளை அறிந்த நமக்கு இது பெருவியப்பன்று. படத்தில் ஒரே கோடாய்த் தோன்றும் ஓடை, தேயிலை மலைக்குள் இரு கிளையாய் இறங்குவதைக் கண்டிருக்கின்றோம்.

புற்றுநோய் கண்ட சிறுநீர்ப்பையை முழுதும் அகற்றும்போது இவ்விரட்டை இடர் விளைக்கும். இச்சத்திர சிகிச்சையை றோபோக் கைகளாற் செய்யும் முறை இன்று பரவியுள்ளது. புதுச்சேரி ஜிப்மரிற் பயின்று அமெரிக்கா சென்ற மணி மேனனும் அவர்தம் குழுவினரும் 17 நோயாளருக்கு இவ்வாறு செய்ததை 2003இல் வெளியிட்டனர். வயிற்றிற் சிறு துளைகளிட்டு, நிபுணர் சற்றுத் தள்ளியமர்ந்து, பெருக்கிக் காட்டும் படத்தை நோக்கியவாறே கருவிகளை இயக்குவார். குருதியிழப்புக் குறைவு. எனினும் இக்கருவிகளுட் பெரும்பாலானவற்றில் தொட்டறியும் உணர்வு கைக்கு வருவதில்லை. விரலின் வேலையையும் கண்ணே செய்தல் வேண்டும்.

சிறுநீர்ப்பை போனபின் சிறுநீர் எங்கே செல்வது? சிறுகுடலின் ஒரு துண்டை வேறாக்கி, சிறுநீர்க்கான்களை அதனோடு தைப்பர். மூன்றாவது கானொன்று கவனியாது அறுபட்டால் சிறுநீர் வயிற்றறைக்குட் கசியும். கவ்வியால் அடைபட்டால் அது வடிக்கும் சிறுநீரகப் பகுதி வீங்கிக் கெடும். ஆதலால் எதிர்பாராத குழாய் தோன்றியவிடத்து முதலிற் செய்யத்தக்கது வெட்டாது நிறுத்துதலே. குருதிக்குழாயா, கானா? அலையலையாய்ச் சுருங்குவது கானின் அடையாளம். முன்னெடுத்த சி.டி. படங்களையும் மீண்டும் பார்த்தல் வேண்டும்.

இரு கான்களும் கீழ்ப்பகுதியிற் பெரும்பாலும் ஒரே உறைக்குள், பொதுக் குருதியூட்டத்துடன் செல்லும். பிரித்தெடுக்க முயன்றால் இரண்டும் வாடும். சேர்த்தே எடுத்தல் முறை. நுனிகளிற் புற்றுநோய் உண்டோவெனச் சோதித்து, இரண்டையும் அருகருகே தைத்து ஒரே வாயாக்கிக் குடலோடு இணைக்கலாம். தனித்தனியே இணைப்பாரும் உளர்.

இடுப்பறையில் தங்கிய சிறுநீரகமோ இன்னுங் கடினம். முளையப் பருவத்தில் மேலேறாது நின்றுவிட்டமையால், அதன் குருதிக்குழாய்கள் நிணநீர்க் கணுக்களை அகற்றும் இடத்திலேயே குறுக்கிடக்கூடும்.

வேறெந்த நோய்க்காகவோ முன்னர் எடுத்த ஸ்கான் அறிக்கை வீட்டுப் பெட்டியிற் கிடந்தால், சத்திர சிகிச்சைக்குச் செல்வோர் அதனையும் வைத்தியரிடம் கொடுத்துவிடுதல் நன்று. ‘இரட்டை’ என்ற ஒரு சொல் அதில் இருக்கக்கூடும்.