பச்சைப் பெயின்ட்டுக்கு அடியில்

மதுரையில் ஒரு பழைய சாமான் கடை வாசலில் அந்த மேசை கவிழ்ந்து கிடந்தது. அடுக்கடுக்காகப் பச்சைப் பெயின்ட், ஒரு கால் ஆட்டம், இழுப்பறை திறக்கவே வரவில்லை. விறகு விலைக்குக் கொஞ்சம் மேலே சொன்னார் கடைக்காரர். மேல் பலகையின் கனத்தைக் கையால் பார்த்துவிட்டு வாங்கினேன்.

பழைய மரச்சாமானை வாங்கிய கையோடு வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். நான் மாடி வராந்தாவில் கறுப்புக் காகிதம் விரித்து அதன்மேல் மேசையை நிறுத்தினேன். நான்காம் நாள் ஒரு காலடியில் மைதா மாதிரி தூள் கொட்டியிருந்தது. மரத்தில் ஓட்டை இருப்பதாலேயே பூச்சி இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது, அது என்றைக்கோ துளைத்துவிட்டுப் போயிருக்கலாம். புதுத் தூள் கொட்டினால்தான் உள்ளே உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். ஹார்டுவேர் கடையில் மரத்துக்கென்று விற்கும் பூச்சி மருந்தை வாங்கி, கையுறை போட்டுக்கொண்டு, ஊசியால் ஒவ்வொரு ஓட்டையிலும் செலுத்தினேன். அந்தக் காலைப் பாலிதீனில் சுற்றி ஒரு வாரம் விட்டேன்.

அடுத்தது பெயின்ட்டை எடுப்பது. இங்கேதான் நான் எல்லோரையும் நிறுத்திச் சொல்வேன். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய எனாமலில், அதிலும் பச்சை, மஞ்சள், சிவப்பில், ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூள் வீடு முழுக்கப் பரவும். தவழும் குழந்தைக்கு அது விஷம். ஆகவே ரிமூவர் பூசி, கால் மணி நேரம் கழித்துப் பெயின்ட் கொப்புளித்து வந்ததும் பட்டி பிளேடால் வழித்தேன். மூலையில் ஒட்டியிருந்ததை வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்த்து எடுத்தேன். வழித்ததையெல்லாம் காகிதத்தோடு சுருட்டிக் கட்டினேன். பெருக்கக் கூடாது, ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை போயிற்று. பலகையில் பொன்னிறமும் கரும்பழுப்புமாக ரேகை தெரிந்தது. தேக்கு! கால்கள் மட்டும் வெளிறிக் கிடந்தன. எதிர்வீட்டில் கதவு வேலைக்கு வந்திருந்த ஆசாரி எட்டிப் பார்த்தார். “கால் வேற மரம்மா. அதுக்குப் போய் பாலிஷ் போடாதீங்க, திட்டுத் திட்டா நிக்கும். பெயின்ட் அடிச்சிருங்க, பலகையை மட்டும் தெரிய விடுங்க” என்றார். பழையது என்றாலே எல்லா மரத்தையும் வெளியே காட்ட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பூச்சி அரித்து பட்டி வைத்த காலுக்குப் பெயின்ட்தான் கௌரவம்.

ஆட்டத்துக்கு ஆணி அடிக்கவில்லை. காலைக் கழற்றி, துளையில் காய்ந்திருந்த பழைய பசையை உளியால் சுரண்டினேன். அதன் மேலேயே புதுப் பசை வைத்தால் பிடிக்காது. ஃபெவிகால் வைத்துப் பொருத்தி, கயிற்றைச் சுற்றிக் குச்சியால் முறுக்கி இறுக்கி, ஒருநாள் தொடாமல் விட்டேன்.

பலகையை முகமூடி போட்டுக்கொண்டு 80, 120, 220 எண் உப்புத்தாள்களால் வரிசையாக, ரேகை ஓடும் பக்கமாகவே தேய்த்தேன். குறுக்கே ஒரு இழுப்பு இழுத்தாலும் பாலிஷ் பட்டதும் அந்தக் கீறல் பளிச்சென்று தெரியும். டார்ச்சைப் பலகையோடு படுக்க வைத்து அடித்துப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் ஒளிந்திருப்பதெல்லாம் நிழலாக எழுந்து நிற்கும்.

முதலில் அரக்குப் பாலிஷ்தான் போட்டேன். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சை மல் துணியில் பொதிந்து, மெல்ல மெல்ல ஏற்றும் அந்தப் பழைய முறையில் வரும் பளபளப்புக்கு ஈடு இல்லை. ஆனால் அது ஐப்பசி மாதம். காற்றிலிருந்த ஈரம் பாலிஷுக்குள் சிக்கி, பலகை முழுக்கப் பால் படர்ந்தது. வெயில் வந்த நாளில் ஸ்பிரிட் தொட்ட துணியால் லேசாக நீவியதும் தெளிந்தது. ஆறே நாளில் சூடான காபி டம்ளர் வெள்ளை வளையம் போட்டது. அரக்கு சூடு தாங்காது. அலமாரிக்கும் சாமி படச் சட்டத்துக்கும் அதுவே போதும், தினமும் புழங்கும் மேசைக்கு உதவாது. மனசே இல்லாமல் ஸ்பிரிட்டால் கரைத்துத் துடைத்தெடுத்து, நன்றாகக் காயவிட்டு பி.யு. (பாலியூரித்தேன்) வார்னிஷ் மூன்று கை கொடுத்தேன். ஒவ்வொரு கைக்கும் நடுவே 320 தாளால் லேசாகத் தேய்த்தேன்.

கால்களுக்கு பிரைமர், பட்டி, மறுபடி பிரைமர், அப்புறம்தான் எனாமல். முன்பு ஒரு முக்காலிக்குப் பழைய பாலிஷ் மேலேயே நேராக எனாமல் அடித்து, அது பாம்புச் சட்டையாக உரிந்து வந்தது. அன்றிலிருந்து தேய்க்காமல் எதற்கும் பிரஷ் எடுப்பதில்லை. தொட்டால் ஒட்டாத எனாமலும் உள்ளே இறுக ஒரு வாரமாவது ஆகும். அதற்குள் மேலே எதையும் சாய்த்து வைக்காதீர்கள்.

இழுப்பறையின் பக்கங்களுக்கு மட்டும் எதுவும் பூசவில்லை. பெயின்ட்டின் தடிமனே அதை இறுக்கிவிடும், மழைக்காலத்தில் மரம் வேறு உப்பும். இறுக்கமாக உரசிய இடங்களைத் தேய்த்துவிட்டு, மெழுகுவத்தியை அழுத்தி முன்னும் பின்னும் இழுத்தேன். இப்போது சுண்டுவிரலால் இழுத்தாலே திறக்கிறது.