பள்ளித் தோட்டத்தில் பறவைகளுக்கு உணவுக் கம்பம்

சிட்டுக்குருவி தானியம் தின்னும் பறவை என்பதை யாவரும் அறிவர். ஆனால், கூட்டிலிருக்கும் அதன் குஞ்சு தானியத்தை உண்டு வளர்வதில்லை. முட்டையிலிருந்து வெளிவந்த முதல் சில நாட்களில் தாய்ப்பறவையும் தந்தைப்பறவையும் அதற்குப் புழு பூச்சிகளையே ஊட்டுகின்றன. ஆகவே, கம்பத்தில் தானியம் வைத்து, அதனருகிலேயே செடிகளுக்குப் பூச்சிக்கொல்லி தெளிக்கும் தோட்டம் தாயை அழைத்துக் குஞ்சைப் பட்டினியிடும் தோட்டமாகும். இவ்வுண்மையை மனத்திற் கொண்டே உணவுக் கம்பம் அமைக்கப்படல் வேண்டும்.

கம்பம்

7.5 செ.மீ. சதுரமும் 210 செ.மீ. நீளமும் உள்ள உறுதியான மரத்துண்டு ஒன்று போதுமானது. சவுக்குக் கழியும் பயன்படும். இதில் 60 செ.மீ. மண்ணுள் புதைய வேண்டும். மரம் பெரும்பாலும் முதலில் உளுப்பது மண்மட்டத்திலேயாம். ஈரமும் காற்றும் ஒருங்கே சேரும் இடம் அதுவே. ஆதலின் அடியிலிருந்து 75 செ.மீ. வரை தார் பூசி, நன்கு உலர்ந்த பின்னரே நடுதல் வேண்டும். கறையானைத் தடுக்கவும் இது உதவும். தட்டுக்குத் தாரோ வர்ணமோ பூசலாகாது.

தட்டு

40 செ.மீ. சதுரமும் 2 செ.மீ. கனமும் உள்ள பலகையைக் கம்பத்தின் தலையில் வைத்து, இரும்புத் தாங்கிகளாலும் மரையாணிகளாலும் பொருத்துக. கழற்றிக் கழுவ இயலுமாதலின் சாதாரண ஆணியினும் மரையாணியே சிறந்தது. தானியம் சிதறாதிருக்க 3 செ.மீ. உயரமுள்ள விளிம்புச் சட்டங்களை நான்கு பக்கமும் அடித்து, மூலைகளில் மட்டும் 2 செ.மீ. இடைவெளி விடுக. மழைநீரும் உமியும் அவ்வழியே வெளியேறும்.

காப்பு

பூனையும் அணிலும் ஏறாதிருக்க, தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்தில் தொடங்கி 120 செ.மீ. வரை வழவழப்பான தகரத்தைக் கம்பத்தில் சுற்றி இறுக்குக. கூரிய ஓரங்களை மடித்துவிடுதல் அவசியம். சுவரும் மரக்கிளையும் கம்பத்திற்கு 3 மீட்டருக்குள் இருக்கலாகாது. அதே வேளையில், வல்லூறு தோன்றினால் பறவைகள் பாய்ந்து ஒளிய, சற்றுத் தொலைவில் ஒரு புதர் இருத்தல் நலம். மிக அருகிலுள்ள புதர் பூனைக்கே மறைவிடமாகிவிடும்.

உணவும் தூய்மையும்

கம்பு, தினை, நொய்யரிசி ஆகியவற்றை மாலைக்குள் தீர்ந்துவிடும் அளவே வைத்தல் வேண்டும். எஞ்சிய தானியம் இரவில் எலிகளை அழைக்கும். உப்பிட்ட பண்டங்களும் புளித்த சோறும் கூடா. பல பறவைகள் ஒரே தட்டில் கூடுவதால், எச்சத்தின் வழியாக ஒன்றன் நோய் மற்றொன்றிற்கு எளிதில் பரவும். எனவே நாள்தோறும் தட்டைத் துடைத்து, வாரம் ஒருமுறை வெந்நீரால் தேய்த்துக் கழுவி வெயிலில் உலர்த்துக. பின்னர்க் கைகளைச் சோப்பினால் கழுவுதல் வேண்டும். சிறகை உப்பிக்கொண்டு சோர்ந்திருக்கும் பறவையோ, இறந்த பறவையோ காணப்பட்டால் வெறுங்கையால் தொடலாகாது; தட்டைக் கழற்றி இரு வாரங்களேனும் உணவிடுதலை நிறுத்திக் கால்நடைத்துறையினருக்குத் தெரிவித்தல் வேண்டும்.

இரண்டாவது கம்பம்

கரிச்சான், பனங்காடை போன்ற பூச்சியுண்ணும் பறவைகள் தானியத் தட்டை நாடுவதில்லை. அவற்றிற்கு வேண்டுவது அமர்ந்து நோட்டமிட ஓர் உயர்ந்த இடமே. காய்கறிப் பாத்தியின் நடுவே 240 செ.மீ. கழி ஒன்றை 60 செ.மீ. ஆழத்தில் நட்டு, உச்சியில் 45 செ.மீ. குறுக்குக் கட்டையை அடித்தால், அவை அங்கமர்ந்து வெட்டுக்கிளிகளையும் புழுக்களையும் பிடிக்கும். இதனைத் தட்டின்மேல் அமைத்தல் தவறு; எச்சம் உணவில் விழும். வயல்களிலும் இம்முறை பயன்படும். ஆயினும், தானியப் பயிரில் கதிர் பால்பிடிக்கும் பருவத்தில் கழிகளை அகற்றிவிட வேண்டும். இல்லையேல் கதிர் கொத்தும் பறவைகளுக்கும் அதுவே இருக்கையாகும்.

மாணாக்கர் செய்முறை

தட்டின் நடுவே ஒரு சட்டம் வைத்து இரு பகுதிகளாக்குக. ஒன்றில் 50 கிராம் கம்பும் மற்றதில் 50 கிராம் நொய்யரிசியும் இடுக. இரண்டு மணி நேரத்திற்குப்பின், உமியை ஊதி நீக்கி, எஞ்சியவற்றை நிறுத்துக் குறித்துக்கொள்க. மறுநாள் தானியங்களைப் பக்கம் மாற்றி வைக்கவும். பத்து நாட்கள் இவ்வாறு செய்தால், பறவை விரும்பியது தானியத்தையா, பக்கத்தையா என்பது விளங்கும். ஒரு நாளின் கணக்கைக்கொண்டு முடிவு கூறலாகாது என்பதே இதில் மாணாக்கர் பெறும் முதற்பாடம்.

வினாக்கள்

1. தானியங்களை நாள்தோறும் பக்கம் மாற்றி வைப்பது ஏன்?

2. பூச்சியுண்ணும் பறவைகளுக்குத் தனிக் கம்பம் அமைப்பது ஏன்?

3. தட்டில் தானியம் நிறைந்திருந்தும், பூச்சிக்கொல்லி தெளித்த தோட்டத்தில் சிட்டுக்குருவிக் குஞ்சு பசித்திருப்பது எவ்வாறு?