செப்டிக் டேங்க்: முன்பணம் கொடுக்குமுன் கேளுங்கள்

அபிராமபுரத்துக் கடைகளுக்குப் பாதாளச் சாக்கடை உண்டு. ஆனால் நம்மில் பலர் புறநகரில் கிடங்கு கட்டுகிறோம். அங்கே பல இடங்களில் செப்டிக் டேங்க்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலத்தடி நீர் மேலேறினால் உறிஞ்சுகுழி நீரை வாங்காது. கழிவு திரும்பி வரும். அடியில் அடுக்கிய அரிசி மூட்டைகள் வீண். 2015 டிசம்பர் வெள்ளத்தை நாம் மறக்கலாமா?

ஆகவே, வடிவமைக்கும் பொறியாளரிடம் கேட்போம்:

1. மழைக்கால நீர்மட்டத்தைக் கணக்கில் எடுத்தீர்களா?
2. தொட்டியின் மூடி வெள்ளமட்டத்துக்கு மேலே இருக்குமா?
3. கிணற்றுக்கும் உறிஞ்சுகுழிக்கும் இந்தியத் தர நிர்ணயப்படி 18 மீட்டர் இடைவெளி உண்டா?
4. கழிவு உறிஞ்சும் லாரி வந்து நிற்க வழி உண்டா?

கடைசிக் கேள்வி உயிர் பற்றியது. பாதுகாப்புக் கருவியின்றித் தொட்டிக்குள் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

பதில்களை எழுத்தில் வாங்கிய பிறகே முன்பணம் கொடுப்போம்.